வேர் தண்ணீரில், இலை காற்றில்: தோட்டக் குளத்தில் மிதக்கும் செடிகள்

தோட்டத்தில் சின்னதாக ஒரு குளம் வெட்டி, தண்ணீர் நிரப்பி, நாலு மீனும் விட்டாகிவிட்டது. முதல் பத்துப் பதினைந்து நாள் தண்ணீர் தெளிவாக, அடி தெரிய இருக்கும். அப்புறம் மெல்லப் பச்சை ஏறும். ஒரு மாதத்தில் மீன் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. குளம் வைத்த எல்லோருமே இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறோம். அப்போது தெரிந்தவர் யாராவது, "தண்ணீர் மேலே மிதக்கிற செடி கொஞ்சம் போடுங்கள், சரியாகிவிடும்" என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது எப்படிச் சரியாகிறது என்று தெரியாமல் போட்டால், ஆறு மாதம் கழித்துக் குளம் மறைந்து செடி மட்டும் மிஞ்சும். ஆகவே செடிகளின் பெயருக்குப் போவதற்கு முன்னால், அவை எப்படி உயிர் வாழ்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். அது புரிந்துவிட்டால் பராமரிப்பில் முக்கால்வாசி தானாகவே புரிந்துவிடும்.

எது மிதக்கும் செடி?

அல்லி இலையும் தண்ணீர் மேல்தான் படுத்திருக்கிறது. ஆனால் அதன் காம்பைப் பிடித்துக்கொண்டே கீழே போனால், அடிச்சேற்றில் புதைந்த கிழங்கில் போய் முடியும். அல்லிக்கு உணவு அந்தச் சேற்றிலிருந்து வருகிறது. தாமரையும் அப்படித்தான். இங்கே நாம் பேசப்போவது சேற்றையே தொடாத செடிகளைப் பற்றி. வேர் தண்ணீரில் தொங்கும், எங்கும் ஊன்றாது. காற்றடித்தால் செடி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்ந்துவிடும். தொட்டி வேண்டாம், மண் வேண்டாம். புதிதாக வளர்ப்பவர்கள் சிலர் இதையும் மண்தொட்டியில் நட்டுக் குளத்தின் அடியில் இறக்கிவிடுகிறார்கள். இலை நீருக்குள் மூழ்கி இரண்டு மூன்று வாரத்தில் அழுகிவிடும். தண்ணீர் மேல் வைத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

இந்தச் செடிகளுக்கு இரண்டு பக்கமும் வசதி. இலை காற்றில் இருப்பதால் கரியமில வாயுவைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நீருக்குள் வாழும் செடிக்கும் பாசிக்கும் அந்த வாயு தண்ணீர் வழியாக வந்து சேர வேண்டும். தண்ணீரில் வாயு பரவும் வேகமோ காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மிதக்கும் செடிக்கு இந்தக் கஷ்டமே இல்லை. வெயிலும் மறைப்பில்லாமல் நேரே கிடைக்கிறது. கீழே தொங்கும் வேரைச் சுற்றி, கரைந்த சத்து எப்போதும் இருக்கிறது. இவை இவ்வளவு வேகமாக வளர்வதற்குக் காரணம் இதுதான்.

அந்தச் சத்து எங்கிருந்து வருகிறது? மீனிடமிருந்து. மீன் தின்ற தீனியில் உள்ள புரதம் செரித்தபின், கழிவு நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் மீனுக்குப் பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் அது குளத்தை விட்டுப் போவதற்கு வழி இல்லாமல் சேர்ந்துகொண்டே வரும். மிச்சத் தீனியிலிருந்தும் விழுந்து மக்கும் சருகிலிருந்தும் பாஸ்பேட் வந்து சேரும். இந்த இரண்டையும் தின்றுதான் பச்சைத்தண்ணீர்ப் பாசி பெருகுகிறது. மிதக்கும் செடியைப் போட்டால் அது பாசியின் உணவைப் பங்கு கேட்கிறது, மேலே நிழல் விழுவதால் பாசியின் வெயிலையும் குறைக்கிறது. தண்ணீர் தெளிவது இப்படித்தான்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. செடி உறிஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் எங்கும் மறைந்துவிடவில்லை. இலையாகவும் வேராகவும் உருமாறி இன்னமும் குளத்தில்தான் இருக்கின்றன. இலை பழுத்து, அழுகி, அடியில் விழுந்தால் அத்தனையும் மறுபடி தண்ணீரில் கரையும். செடியைக் கையால் அள்ளிக் கரையில் போடும்போதுதான் அந்தக் கழிவு உண்மையிலேயே குளத்தை விட்டு வெளியேறுகிறது. மிதக்கும் செடி வளர்ப்பில் நம்முடைய வேலை என்ன என்று யாராவது கேட்டால், நான் ஒரே வார்த்தையில் "அள்ளுவது" என்றுதான் சொல்வேன். தண்ணீர் ஊற்றுவதும் உரமிடுவதும் இங்கே முதல் வேலை இல்லை.

ஆக்ஸிஜன் பற்றிய தவறான நம்பிக்கை

"செடி நிறைய இருந்தால் மீனுக்கு ஆக்ஸிஜன் நிறைய கிடைக்கும்" என்று நானும் நம்பியிருந்தேன். நீருக்குள் மூழ்கி வளரும் செடிகளுக்குப் பகல் நேரத்தில் அது பொருந்தும். மிதக்கும் செடியின் இலைத்துளைகள் பெரும்பாலும் காற்றைத் தொடும் பக்கத்தில் இருக்கின்றன. அது வெளிவிடும் ஆக்ஸிஜனில் பெரும்பகுதி காற்றில் போய்விடுகிறது. மீனுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. போதாக்குறைக்கு, செடி பாய் விரித்ததுபோல் மூடிவிட்டால் காற்றிலிருந்து தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் கரைவதும் குறையும். அடியில் இருக்கும் மூழ்கு செடிகள் வெளிச்சம் இல்லாமல் சாகும். அவை அழுகும்போது பாக்டீரியாக்கள் இன்னும் கொஞ்சம் ஆக்ஸிஜனைக் குடித்துவிடும்.

வெயில் காலத்தில் இது ஆபத்து. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராம்தான். இரவெல்லாம் மீன், பாக்டீரியா, பாசி, வேர் என்று எல்லாமே அதைச் செலவழிக்கின்றன. விடியும்போது இருப்பு மிகக் குறைவாக இருக்கும். ஒருமுறை இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டுவிட்டு, விடியற்காலையில் குளத்தருகே போனேன். செடிகளுக்கு நடுவே இருந்த கையகல இடைவெளியில் மீன்கள் எல்லாம் முட்டிமோதி வாயை மேலே தூக்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அள்ளத் தொடங்கியவன்தான், இன்றுவரை பாதிக்கு மேல் மூட விடுவதில்லை.

பாதி என்பது நல்ல அளவு. வெயில் மிகக் கடுமையான இடத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

எந்தச் செடி?

முதலில் ஒரு பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆகாயத்தாமரை என்ற பெயரில் இரண்டு வேறு செடிகள் புழங்குகின்றன. ஒன்று, கோசு பிரிந்து விரிந்ததுபோல வெளிர்பச்சையில், மெத்தென்ற மயிருள்ள இலைகளோடு தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் பிஸ்டியா. அந்தரத்தாமரை என்றும் இதைத்தான் சொல்வார்கள். இன்னொன்று, காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும் வெங்காயத்தாமரை. அந்தக் காம்பை நறுக்கிப் பார்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி காற்றறைகள் இருக்கும். செடியை மிதக்க வைப்பது அவைதான். ஊதாப் பூவும், மேலிதழில் மயில் கண் போல மஞ்சள் புள்ளியுமாக இது மிக அழகான செடி.

அழகைப் பார்த்து ஏமாறக்கூடாது என்றுதான் வெங்காயத்தாமரையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. அழகுக்காக எடுத்துச் சென்ற இடமெல்லாம் ஆறுகளையும் ஏரிகளையும் பிடித்துக்கொண்டது. 1990களில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் படகு போக்குவரத்தையும் மீன்பிடிப்பையும் முடக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2016ல் வெளியிட்ட அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் முதல் பட்டியலிலேயே இது இடம்பெற்றது. அங்கே விற்பதும் வளர்ப்பதும் தடை. வேறு பல நாடுகளிலும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே இதையும் பிஸ்டியாவையும், அடுத்துச் சொல்லப்போகும் சால்வினியாவையும் வாங்குவதற்கு முன் உங்கள் பகுதியின் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். சட்டம் அனுமதித்தாலும், மழையில் நிரம்பி வாய்க்காலுக்கோ ஓடைக்கோ வழியும் குளமாக இருந்தால் வெங்காயத்தாமரை வேண்டவே வேண்டாம். ஓடுதண்டு விட்டுப் பரவுவது போதாதென்று, அடியில் விழும் விதை பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்தும் முளைக்கும்.

சால்வினியா பூக்காத செடி, பெரணி இனம். ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலை. இரண்டு மேலே மிதக்கும், மூன்றாவது இலை தண்ணீருக்குள் நாராகப் பிரிந்து வேர்போலத் தொங்கும். உண்மையில் இதற்கு வேரே கிடையாது. இலையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்து மாதிரி உருண்டு ஓடிவிடும். இலைமயிர்கள் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு நனையவிடாமல் காக்கின்றன. சிறிய குளத்துக்கு இது நல்ல செடி. ஆனால் பெரிய இலையுள்ள சால்வினியா மோலெஸ்டா என்ற வகை மட்டும் வேறு கதை. வளமான வித்து எதுவும் இல்லாமல், ஒடிந்த துண்டுகளாலேயே ஏரிகளை மூடிய செடி அது. ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் 1980ல் கூன்வண்டுகளை விட்டுத்தான் அதை அடக்கினார்கள்.

அசோலாவும் பெரணிதான், விரல்நுனி அளவு. இதன் இலைக்குழிகளில் குடியிருக்கும் நீலப்பச்சைப்பாசி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. உரப்பயிராக இதற்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் அது. ஆனால் நம் குளத்தில் ஏற்கனவே நைட்ரஜன் மிஞ்சிக் கிடக்கிறது. தண்ணீரிலுள்ள நைட்ரஜனை நம்பி வாழ வேண்டிய கட்டாயம் அசோலாவுக்கு இல்லை. அழுகிவிட்டால் புதிதாகக் கொஞ்சம் நைட்ரஜனைத் தண்ணீரில் சேர்த்துவிட்டும் போகும். பாஸ்பரஸை எடுக்கும் என்பது உண்மை. இருந்தாலும் பச்சைத்தண்ணீரைத் தெளிய வைக்க என்று கேட்டால் நான் அசோலாவை முதலில் சொல்ல மாட்டேன்.

பச்சைப்பொடி தூவியதுபோல் இருக்கும் லெம்னாவைப் பாசி என்று நினைப்பவர்கள் உண்டு. அது பூக்கும் தாவரம். அதன் உறவான உல்ஃபியா ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது, பூக்கும் தாவரங்களில் மிகச் சிறியது அதுதான். சத்தை உறிஞ்சுவதில் லெம்னா கெட்டி. ஆனால் ஒருமுறை குளத்துக்குள் வந்துவிட்டால் முழுதாக எடுப்பது அநேகமாக முடியாது. கோய் மீன் வளர்ப்பவர்களுக்குக் கவலை இல்லை, அவை தின்றே தீர்த்துவிடும். மற்றவர்கள் தள்ளியே இருக்கலாம்.

முதல் செடியாக எதைப் போடலாம் என்றால், சட்டம் இடம் கொடுக்குமானால் பிஸ்டியா அல்லது சின்ன இலைச் சால்வினியா. கையில் பிடித்து எடுக்கிற அளவில் இருக்கும் செடிதான் ஆரம்பத்தில் வசதி.

குளத்தில் விடுவது

வாங்கிய செடியை நேரே குளத்தில் விடாதீர்கள். ஒரு வாளியில் நல்ல தண்ணீர் வைத்து, அதில் இரண்டு வாரம் மிதக்கவிடுங்கள். இலையடியில் கூழ்போல ஒட்டியிருந்தால் அது நத்தை முட்டை, விரலால் வழித்துவிடலாம். வேருக்குள் ஒளிந்து வரும் லெம்னா ஒன்றே ஒன்று தப்பினாலும் போதும், அடுத்த மாதம் குளம் அதனுடையது. அதனால் அந்த இரண்டு வாரத்தில் இரண்டு மூன்று முறை நன்றாக அலசுங்கள். அலசிய தண்ணீரைச் செடித்தொட்டி மண்ணில் ஊற்றிவிடலாம்.

நிழலில் வளர்ந்த செடியை உச்சி வெயிலில் விட்டால் இலை வெளுத்துக் கருகும். முதல் சில நாள் நிழலான பக்கத்தில் வைத்துவிட்டு, அப்புறம் வெயிலுக்குத் தள்ளுங்கள். பழைய இலைகள் கொஞ்சம் எப்படியும் மஞ்சளாகும். நடுவில் புதுக்குருத்து பச்சையாக வந்தால் செடி பிழைத்துவிட்டது என்று பொருள்.

நீரூற்றோ அருவியோ இருக்கும் குளத்தில் ஒரு தொல்லை உண்டு. ஓயாமல் தண்ணீர் தெறித்து இலை நனைந்தால் பிஸ்டியா போன்ற செடிகள் அழுகும், நீரோட்டம் எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வளையமாக இணைத்து மிதக்கவிட்டு, செடிகளை அதற்குள் வையுங்கள். இந்த வளையத்தை நான் நீரூற்று இல்லாத குளத்துக்கும் சொல்வேன். குளத்தில் பாதியை அடைக்கும் அளவில் வளையம் போட்டுவிட்டால், வளையம் நிறைந்ததும் அள்ளும் நேரம் வந்துவிட்டது என்று கண்ணுக்கே தெரியும்.

அள்ளுவதற்கு ஒரு கணக்கு

பத்து நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் செடி ஒன்று இன்றைக்குக் குளத்தில் எட்டில் ஒரு பங்கை மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10ஆம் நாள் கால் குளம். 20ஆம் நாள் பாதி. அப்போதும் "இன்னும் பாதி இடம் இருக்கிறதே" என்றுதான் மனசுக்குப் படும். 30ஆம் நாள் தண்ணீரே தெரியாது. முதல் பாதிக்கு 20 நாள் எடுத்த செடி, அடுத்த பாதியைப் பத்தே நாளில் முடித்துவிட்டது. சத்தும் சூடும் கூடுதலாக இருந்தால் இன்னும் வேகமாகவே நடக்கும். அதனால் நிறைந்த பிறகு அள்ளலாம் என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. வளரும் காலத்தில் வாரம் ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயதான, மஞ்சள் இலையுள்ள தாய்ச்செடியை எடுத்துவிட்டு, அதன் ஓடுதண்டு நுனியில் இருக்கும் இளங்கன்றுகளை விட்டுவையுங்கள். இளசுதான் வேகமாக உறிஞ்சும். ஏற்கனவே குளம் முழுக்க மூடிவிட்டது என்றால், ஒரே நாளில் எல்லாவற்றையும் வாரிவிடாதீர்கள். திடீரென்று வெயில் உள்ளே பாய்ந்தால் காத்திருந்த பாசி ஒரு வாரத்தில் தண்ணீரைப் பச்சையாக்கிவிடும். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, சில நாள் விட்டு மறுபடி கொஞ்சம், இப்படிப் போகலாம்.

அள்ளியதை என்ன செய்வது? செடிகளுக்கு அடியில் மூடாக்காகப் பரப்பலாம், மக்கு உரக்குழியில் போடலாம். இவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான் என்பதால் இரண்டு நாள் வெயிலில் மலைபோலக் கிடந்தது கைப்பிடியாகச் சுருங்கிவிடும். அதில் உங்கள் மீன்களின் கழிவுதான் சத்தாக இருக்கிறது, மண் அதை நன்றாகவே ஏற்றுக்கொள்ளும். ஆற்றிலோ ஏரியிலோ ஓடையிலோ சாக்கடையிலோ மட்டும் ஒரு துண்டுகூடப் போடக்கூடாது. ஊர் ஏரியை மூடிய செடிகள் பலவும் இப்படி யாரோ வேண்டாமென்று எறிந்த ஒரு கை செடியிலிருந்து வந்தவைதான்.

கொசுவுக்காகவும் அள்ள வேண்டும். பெரும்பாலான கொசுப்புழுக்கள் மூச்சுக்காக மேலே வரும்போது மீன் பிடித்துத் தின்றுவிடும். மான்சோனியா என்ற கொசுவின் புழு மேலே வருவதே இல்லை. பிஸ்டியா போன்ற செடிகளின் வேரைத் துளைத்து, அதிலிருந்தே காற்றை எடுத்துக்கொண்டு அங்கேயே ஒட்டியிருக்கும். யானைக்கால் நோயில் ஒரு வகையைப் பரப்பும் கொசு அது. மீன் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. வேரோடு செடியை எடுத்துக் காயப்போடுவதுதான் அதற்கு வழி.

செடி சொல்லும் குறிகள்

பழைய இலைகள் மஞ்சளாகி, புதியவை சிறுத்து, வேர் மட்டும் நீளநீளமாகப் போகிறதென்றால் தண்ணீரில் சத்து தீர்ந்துவிட்டது. குளத்துக்கு அது நல்ல செய்தி. செடியின் எண்ணிக்கையைக் குறைத்தால் மிச்சமிருப்பதற்குப் போதும், உரம் ஊற்ற வேண்டியதில்லை. பழைய இலை பச்சையாகவே இருக்க, குருத்து மட்டும் வெளிர்மஞ்சளாக வந்தால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. காரத்தன்மை கூடிய கடின நீரில் இது அடிக்கடி வரும். நீர்ச்செடிகளுக்கென்று விற்கும் இரும்புச்சத்துக் கரைசல், சொன்ன அளவில் பாதி ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இலையில் கூட்டமாக அசுவினி பிடித்தால் மருந்து தெளிக்காதீர்கள். அந்த மருந்து அப்படியே மீனுக்குப் போகும். செடியைத் தலைகீழாகத் தண்ணீரில் அமுக்கி உலுக்குங்கள், பூச்சி உதிரும், மீன் வந்து பொறுக்கிக்கொள்ளும். மீனுக்கு உப்பு வைத்தியமோ செம்பு கலந்த மருந்தோ செய்ய நேர்ந்தால், அதற்கு முன்னால் செடியை வேறு வாளிக்கு மாற்றிவிடுங்கள்.

உறைபனி விழும் இடங்களில் பிஸ்டியாவும் வெங்காயத்தாமரையும் தப்பாது. சின்னக் கன்றுகள் ஐந்தாறை வெளிச்சமான சன்னலோரம் தண்ணீர்த் தட்டில் வைத்துக் காப்பாற்றலாம். மற்றதை பனிக்கு முன்பே அள்ளிவிட வேண்டும், செத்து அழுகிய பின் அள்ளினால் பாதிச் சத்து தண்ணீரில் போயிருக்கும்.

அள்ளும்போது அவசரப்பட வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு செடியையும் எடுத்ததும் வேரைத் தண்ணீரிலேயே மெல்ல அலசுங்கள். அடர்ந்த வேருக்குள் மீன்குஞ்சும் தலைப்பிரட்டையும் ஒதுங்கியிருக்கும். தங்கமீன் முட்டையிடும் பருவமானால், வேர் இழைகளில் கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணிகள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அந்தச் செடியை மட்டும் எறியாமல், குளத்துத் தண்ணீர் நிரப்பிய தனி வாளியில் மிதக்கவிடுங்கள். குளத்திலேயே விட்டால் பெரிய மீன்கள் தின்றுவிடும். சில நாளில் ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு கருப்புப் புள்ளி தெரியும், அவை குஞ்சின் கண்கள்.